தடாகத்திலிருந்து தலைமைப் பீடத்துக்கு

2024 பாரிஸ் விளையாட்டு விழா வரை சிம்பாப்வே ஈட்டிய ஒலிம்பிக் பதக்கங்கள் எட்டு மட்டுமே. 1980இல் மொஸ்கோவில் மகளிர் ஹொக்கி அணி வென்ற தங்கம் நீங்கலாக, ஏனைய ஏழும் நீச்சல் வீராங்கனை கேர்ஸ்டி கவன்ட்ரிக்கு உரியவை. 200 மீற்றர் மல்லாக்கு நீச்சலில் 2004இல் ஏதென்ஸிலும் 2008இல் பெய்ஜிங்கிலும் அவரே தங்கம் வென்றார். பெய்ஜிங்கில் 2 நிமிடம் 5.24 செக்கனில் நீந்தி உலக சாதனையும் படைத்தார்.

பதக்கக் கணக்கைக் காட்டிலும் கவனத்திற்குரியது வேறொன்று. வெள்ளையரின் பண்ணைகளை ரொபர்ட் முகாபேயின் அரசு பறித்துவந்த காலம் அது. வெள்ளையினத்தவரான கவன்ட்ரி 2004இல் ஹராரே திரும்பியபோது கறுப்பின மக்கள் திரண்டு வரவேற்றனர். 2008இல் முகாபே அவருக்கு ஒரு இலட்சம் அமெரிக்க டொலர் வழங்கினார். (உள்நாட்டு நாணயம் அப்போது காகித விலையும் பெறவில்லை.) பதக்கம் பெறாத வெள்ளையருக்கு அந்த அரவணைப்புக் கிட்டவில்லை என்பதையும் மறந்துவிட இயலாது.

2018இல் அவர் விளையாட்டுத்துறை அமைச்சரானார். அவரது பதவிக் காலத்திலேயே, 2022இல், அரச தலையீட்டைக் காரணங்காட்டி சிம்பாப்வேயை உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இடைநிறுத்தியது; மறு ஆண்டு இலங்கைக்கும் இடைநிறுத்தம் நேர்ந்ததை வாசகர்கள் அறிவர். 2025 மார்ச்சில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைமைக்குத் தெரிவான முதற் பெண்ணும் முதல் ஆபிரிக்கரும் கவன்ட்ரியே. விளையாட்டில் அரசுகள் தலையிடாது காக்கும் பொறுப்பு அப்பதவிக்கு உரியது.