பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயம்

உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் இந்த அங்கிலிக்கன் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பெயர் ஜூலியா மார்கரெட் கெமரன்.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர், கமராவைத் தொட்டது 48 வயதில், இங்கிலாந்தின் வைட் தீவில். கமரா, மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. கோழிக்கூடு ஸ்டூடியோவானது, நிலக்கரி அறை இருட்டறையானது. கண்ணாடித் தகட்டின் ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். டார்வினும் கவிஞர் டெனிசனும் அவர் முன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார்கள். படங்கள் மங்கல் என்று அக்கால விமர்சகர்கள் குறைசொன்னார்கள். அந்த மங்கலுக்குத்தான் இன்று மதிப்பு.

கணவர் சார்ள்ஸ் ஹே கெமரன், இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறையை ஒழிக்கச் சொன்ன கோல்புறூக்–கெமரன் ஆணைக்குழுவின் அதே கெமரன். திம்புள்ளை, டிக்கோயா பக்கம் அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த 1875இல், தம்பதி இங்கே குடிவந்தார்கள். கப்பலில் ஒரு பசுவும் வந்தது. தங்களுக்கான இரண்டு சவப்பெட்டிகளும் வந்தன!

இலங்கையில் ஜூலியா எடுத்த படங்களில் எஞ்சியவை சிலவே. பல களுத்துறையில் எடுத்தவை. இங்கிலாந்துப் பிரமுகர்களின் படங்களுக்குப் பெயர் உண்டு. இங்குள்ள உழைப்பாளிகளின் படங்களுக்குப் பெரும்பாலும் இல்லை. அந்தக் குறை அவருடைய காலத்துக்கும் உரியது, அவருக்கும் உரியது.

1879 ஜனவரி 26இல் டிக்கோயா கிளென்கெயார்ன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். அடுத்த ஆண்டு கணவர். இருவர் கல்லறையும் இந்தத் தேவாலய வளவிலேயே உள்ளது.

தலவாக்கலையிலிருந்து வருவோருக்கு வழி: ஹட்டன், டிக்கோயா, நோர்வூட்.