விபிஎன் அறுந்தால் என்ன ஆகும்?

இணையப் போக்குவரத்தை மறையாக்கித் தனி வழியில் கொண்டுசெல்லும் விபிஎன் இணைப்பு அறுந்துபோனால் கணினியின் இணையத் தொடர்பு நின்றுவிடுவதில்லை. பாதுகாப்பற்ற பழைய வழியில் சத்தமில்லாமல் தொடர்கிறது. அந்த வழியை அடைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ‘கில் ஸ்விட்ச்’ என்று பெயர்.

பெங்களூருவின் தென்கோடியில், ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மசந்திரா போன்ற தொழிற்பேட்டைகளில் இதன் தேவை எளிதில் விளங்கும். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம், ஆர்.வி. ரோட்டில் தொடங்கி சுமார் 19 கி.மீ. ஓடி இங்கே முடிகிறது. வீட்டு வைஃபையில் தொடங்கிய அலுவலக வேலையை ரயிலில் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் தொடரும் ஊழியரின் மடிக்கணினிக்கு, வழியிலேயே ஐபி முகவரி மாறிவிடுகிறது. பழைய முகவரியை நம்பி நின்ற விபிஎன் அப்போது அறுந்துபோகலாம். வயர்கார்டு போன்ற புதிய நெறிமுறைகள் முகவரி மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். எல்லா விபிஎன்களும் அப்படியல்ல.

கணினியிலிருந்து கிளம்பும் தரவுப் பொட்டலம் எந்த வழியில் போக வேண்டும் என்பதை இயங்குதளத்தின் வழித்தட அட்டவணை தீர்மானிக்கிறது. அதில் 0.0.0.0/0 என்றொரு வரி இருக்கும். தனிக் குறிப்பு இல்லாத அனைத்தையும் ரவுட்டருக்கு அனுப்பு என்பது அதன் பொருள். ஓபன்விபிஎன் வழக்கமாக அந்த வரியை அழிப்பதில்லை. 0.0.0.0/1, 128.0.0.0/1 என்ற இரண்டு வரிகளைக் கூடுதலாகச் சேர்க்கிறது. ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் இவை பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. சிறிய பரப்பைச் சுட்டும் வரிக்கே முன்னுரிமை என்பதால் போக்குவரத்து முழுவதும் விபிஎன்னுக்குள் நுழைகிறது. இணைப்பு அறுந்து மென்பொருள் நின்றதும் இந்த இரண்டு வரிகளும் மறைந்துவிடும். பழைய வரி மீண்டும் ஆட்சிக்கு வரும்.

அதன்பின் மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு, திறந்திருக்கும் இணையப் பக்கங்கள் எல்லாம் தாமாகவே மறுபடி இணைந்துகொள்கின்றன. எச்டிடிபிஎஸ் தளங்களின் உள்ளடக்கம் அப்போதும் மறையாக்கத்தில்தான் இருக்கும். ஆனால் பயனரின் உண்மையான ஐபி முகவரி எதிர்த்தளத்துக்குத் தெரிந்துவிடும். எந்தத் தளங்களுக்குப் போகிறார் என்பதை தளப் பெயருக்குரிய முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளை வைத்தே வைஃபை நடத்துபவரும் இணையச் சேவை நிறுவனமும் அறியலாம். திரையில் எந்த மாற்றமும் இருக்காது.

கில் ஸ்விட்சில் இரண்டு வகை உண்டு. முதல் வகை காவல்காரனைப் போன்றது: விபிஎன் அறுந்ததைக் கண்டபிறகு, குறிப்பிட்ட செயலிகளையோ இணைப்பையோ துண்டிக்கும். அறுவதற்கும் கண்டுகொள்வதற்கும் இடையே சில நொடிகள் கழிந்தாலும் போதும், தகவல் கசிந்துவிடும்.

இரண்டாம் வகை ஃபயர்வாலில் முன்கூட்டியே விதி எழுதிவைக்கிறது. எல்லாப் போக்குவரத்துக்கும் தடை; விதிவிலக்கு, விபிஎன் இடைமுகத்தின் வழியே செல்வதற்கும், விபிஎன் சர்வரின் முகவரியை நாடிச் செல்வதற்கும், கணினிக்கு உள்ளேயே நடக்கும் பரிமாற்றத்துக்கும் மட்டும். விபிஎன் அறுந்தால் திறந்த வழி என ஒன்று மிச்சமிருக்காது. எதையும் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இதற்கான வடிகட்டி இயங்குதளத்திலேயே உள்ளது. ஆண்ட்ராய்டு 8 முதல், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் வசதி அமைப்புகள் பகுதியில் உள்ளது.

இந்த இரண்டு வகைகளின் வேறுபாடு 2024 மே மாதம் வெட்டவெளிச்சமானது. லெவியாத்தன் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் ‘டனல்விஷன்’ என்ற தாக்குதலை வெளியிட்டனர். கணினிக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர், 121-ஆம் விருப்பத்தேர்வைக் கொண்டு வழித்தடங்களையும் சேர்த்து அனுப்ப முடியும். தீய நோக்குள்ள வைஃபை, விபிஎன்னின் வரிகளைவிடச் சிறிய பரப்பைச் சுட்டும் வரிகளை அனுப்பினால், போக்குவரத்து விபிஎன்னைத் தவிர்த்து வெளியேறும். விபிஎன்னோ அறுவதே இல்லை. எனவே அறுவதை மட்டும் கவனிக்கும் கில் ஸ்விட்ச் விழித்துக்கொள்ளாது. கண்டிப்பான ஃபயர்வால் விதி அந்தப் பொட்டலங்களைத் தடுத்துவிடும். இந்த விருப்பத்தேர்வை ஆண்ட்ராய்டு ஏற்பதில்லை என்பதால் அதற்குப் பாதிப்பில்லை.

கில் ஸ்விட்ச் காப்பது வழியை மட்டுமே. மறுமுனையிலுள்ள விபிஎன் நிறுவனம் எதைப் பதிந்துவைக்கிறது என்பது வேறு கேள்வி. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஒதுக்கிய ஐபி முதலிய விவரங்களை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. அதையடுத்து எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றின. அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்களுக்கு அந்த விதி பொருந்தாது.

கில் ஸ்விட்ச் உண்மையில் வேலை செய்கிறதா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். பொது முகவரி ஒன்றுக்குத் தொடர்ந்து பிங் அனுப்பியபடி விபிஎன் மென்பொருளை வலுக்கட்டாயமாக நிறுத்தினால், பதில் வருவது நிற்க வேண்டும். வைஃபையிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்போதும், கணினி உறக்கத்திலிருந்து எழும்போதும், மறுதொடக்கத்தின்போதும் இதே சோதனை தேவை. ஐபிவி6 முகவரிக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஐபிவி4-க்கு மட்டும் எழுதிய விதி அதைத் தடுக்காது.