அணையின் ஆதாயமும் அரசின் கடமையும்

நதியின் குறுக்கே அணை கட்டும்போது கீழ்ப்பகுதியில் பல லட்சம் ஹெக்டேர் நிலம் பாசனம் பெறுகிறது. மேற்பகுதியில் பல கிராமங்கள் நீரில் மூழ்குகின்றன. பயன் பெறுவோர் ஒரு சாரார், இழப்போர் மற்றொரு சாரார். இந்நிலையில் நியாயமான முடிவு எது என்பதை எந்த அளவுகோல் கொண்டு தீர்மானிப்பது? இக்கேள்விக்கு ஒழுக்கவியல் இரு முக்கிய விடைகளை அளித்துள்ளது. ஒன்று விளைவை நோக்குவது. மற்றொன்று கடமையை நோக்குவது. நம் நாட்டுத் திட்ட நிர்வாகத்தில் இவ்விரண்டும் பெற்றுள்ள இடத்தை, நர்மதை நதியின் சர்தார் சரோவர் திட்டத்தைக் கொண்டு ஆராய்வோம்.

பயன்வழிக் கொள்கை

ஒரு செயலால் விளையும் இன்பதுன்பங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, மிகுதியான நிகர நன்மை தரும் செயலே சரியானது என்பது பயன்வழிக் கொள்கை. இங்கிலாந்து அறிஞர் ஜெரமி பெந்தம் 1789-இல் வெளியிட்ட நூலில் இதை வகுத்துரைத்தார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் இதற்கு விரிவான விளக்கம் தந்தார். மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இக்கொள்கை நிர்வாகத்தோடு நெருங்கிப் பழகியே வளர்ந்தது. ஜமீன்தாரின் மகிழ்ச்சிக்கும் பண்ணையாளின் மகிழ்ச்சிக்கும் ஒரே எடை அளிப்பது இதன் தனிச் சிறப்பாகும்.

பாசனத் திட்டங்களை மதிப்பிடப் பயன்படும் ஆதாய-செலவு விகிதம் இக்கொள்கையின் வழிவந்ததே. பொதுவாக இவ்விகிதம் 1.5 ஆகவும், வறட்சிப் பகுதிகளில் 1.0 ஆகவும் இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டில் பின்பற்றப்பட்ட அளவுகோல். இதற்குப் பின்னணியில் கால்டார், ஹிக்ஸ் என்னும் பொருளியலறிஞர்கள் 1939-இல் வகுத்த சோதனை ஒன்று உள்ளது. பயன் பெறுவோர், இழப்போருக்கு முழுமையாக ஈடு செய்த பின்னரும் தம்மிடம் ஆதாயம் எஞ்சும் நிலையில் இருப்பார்களாயின், அத்திட்டம் ஏற்கத்தக்கது என்பதே அச்சோதனை. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஈடு செய்ய இயலுமா என்று மட்டுமே சோதனை கேட்கிறது. உண்மையில் ஈடு செய்யப்பட்டதா என்று அது கேட்பதில்லை.

கடமைவழிக் கொள்கை

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் வேறொரு நிலையை எடுத்தார். மனிதன் எவனும் பிறருடைய நோக்கத்திற்கு வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தப்படலாகாது. அவன் தன்னளவிலேயே மதிப்புடையவன். ஆகவே விளைவு எவ்வளவு சிறந்ததாயினும் செய்யத்தகாத செயல்கள் சில உண்டு என்பது அவர் முடிவு.

அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் இவ்வாதத்தைப் பொருளியலாரும் மறுக்க இயலாத வகையில் முன்வைத்தார். ஒருவர் இன்று வயிற்றைக் கட்டி நாளைக்குச் சேமிப்பது அறிவுடைமை. துன்புறுபவரும் பயன் பெறுபவரும் அவரே. ஒரு சமுதாயமும் இவ்வாறே கணக்கிடலாம் என்பது பொருந்தாது. ஏனெனில் அங்கே துன்புறுபவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர்.

நர்மதைத் தீர்ப்பு

சர்தார் சரோவர் திட்டத்திற்கு 1961 ஏப்ரல் 5-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். மாநிலங்களிடையே எழுந்த தகராறைத் தீர்க்க 1969-இல் அமைக்கப்பட்ட நடுவர் மன்றம் 1979 டிசம்பரில் இறுதித் தீர்ப்பை வழங்கியது. முழு நீர்மட்டம் 138.68 மீட்டர். குஜராத்தில் 17.92 லட்சம் ஹெக்டேர், ராஜஸ்தானில் 2.46 லட்சம் ஹெக்டேர் பாசனம். 1,450 மெகாவாட் மின்நிலையத் திறன். கட்ச், சௌராஷ்டிரம் போன்ற வறண்ட பகுதிகளுக்குக் குடிநீர். இவை ஆதாயப் பக்கம். மறுபக்கத்தில், மூன்று மாநிலங்களிலுமாக 245 கிராமங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ பாதிப்புக்குள்ளாயின. அவற்றில் பெரும்பாலானவை மத்தியப் பிரதேசத்தில் உள்ளவை. பாதிக்கப்பட்டோரில் பழங்குடி மக்கள் பெருந்தொகையினர்.

அந்நாளில் நடைமுறையிலிருந்த 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் ரொக்க இழப்பீட்டை மட்டுமே அறிந்திருந்தது. நடுவர் மன்றமோ, தமது நிலத்தில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் இழக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம் அளிக்க ஆணையிட்டது. வயதுவந்த மகன்கள் தனிக் குடும்பமாகக் கருதப்பட்டனர். அனைத்திலும் முக்கியமானது, இழப்பீடும் மறுவாழ்வு ஏற்பாடும் முடிவடையாமல் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகியவற்றின் எப்பகுதியும் நீரில் மூழ்கடிக்கப்படலாகாது என்னும் விதியாகும்.

இவ்விதியின் பொருளை உணர்தல் வேண்டும். ஆதாய-செலவுக் கணக்கில் மறுவாழ்வு என்பது ஒரு செலவினம். பணம் போதாதபோது குறைக்கவோ தள்ளிப்போடவோ கூடிய இனங்களுள் அதுவும் ஒன்று. தீர்ப்பு அதனைச் செலவுப் பட்டியலிலிருந்து எடுத்து முன்நிபந்தனையாக்கியது. கணக்கு எத்துணை இலாபம் காட்டினாலும் கடமை நிறைவேறும் வரை நீர் உயரக் கூடாது. கடமைவழிக் கொள்கை நிர்வாக மொழியில் எழுதப்பட்ட இடம் இது.

எனினும் தீர்ப்பிலேயே ஓர் இடைவெளி இருந்தது. பட்டா இல்லாமல் தலைமுறைகளாக வனநிலத்தை உழுதவர்களும், நிலமற்ற தொழிலாளரும் நிலம் பெறும் வரம்பிற்குள் வரவில்லை. குஜராத் அரசு 1987-இல் இவர்களுக்கும் நிலம் வழங்க முன்வந்தது. நடைமுறையில் வேறு குறைகளும் தோன்றின. உலக வங்கி அமைத்த மோர்ஸ் குழு 1992-இல் மறுவாழ்வுப் பணிகளைக் கடுமையாகக் குறைகூறியது. அடுத்த ஆண்டு எஞ்சிய கடனைப் பெறுவதில்லை என இந்திய அரசு முடிவு செய்தது. உச்ச நீதிமன்றம் 2000 அக்டோபரில் பெரும்பான்மைத் தீர்ப்பின் மூலம், மறுவாழ்வின் முன்னேற்றத்தோடு இணைத்தே அணையின் உயரத்தைக் கூட்ட அனுமதித்தது. 2017 பிப்ரவரியில், நிலம் பெறாதிருந்த 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாய் வழங்க அதே நீதிமன்றம் ஆணையிட்டது. அணை அவ்வாண்டு செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1979-இல் ஏற்ற கடமைக்கு 38 ஆண்டுகளுக்குப் பின்னரும் நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது.

இரு கொள்கைகளின் வரம்பு

இதிலிருந்து பயன்வழிக் கொள்கையைத் தள்ளிவிடலாம் என்று கருதுதல் தவறாகும். கட்ச் பகுதியில் குடிநீருக்காகக் காத்திருந்தவரிடமும் அரசுக்குக் கடமை உண்டு. கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போது, எத்தனை பேருக்கு எவ்வளவு இழப்பு, மாற்று வழி உண்டா என்பவற்றைக் கணக்கிடாமல் முடிவெடுக்க இயலாது. அணையின் உயரத்தைச் சில மீட்டர் குறைத்தால் எவ்வளவு பாசனம் குறையும், எத்தனை கிராமங்கள் தப்பும் என்பதற்குக் கான்டின் நூலில் விடை இல்லை. அதே வேளையில், கணக்கில் ஏறாத இழப்புகளும் உண்டு. விறகு, மேய்ச்சல், மீன், உறவினர் அருகிருத்தல் போன்றவற்றுக்குச் சந்தை விலை இல்லாமையால் அவை சுழியமாகவே எண்ணப்படுகின்றன. ஒரு ரூபாய் இழப்பு, வசதியுள்ளவனையும் ஏழையையும் ஒரே அளவில் வருத்துவதில்லை என்பதையும் சாதாரண விகிதம் காட்டுவதில்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டம்

1894-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்டு, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நில எடுப்புச் சட்டத்தில் இரு கொள்கைகளும் ஒருங்கே இடம் பெற்றுள்ளன. உத்தேசத் திட்டத்தின் நன்மை, சமூக இழப்பை விஞ்ச வேண்டும் என்னும் பிரிவு பயன்வழிப்பட்டது. தனியார் நிறுவனங்களுக்கான நில எடுப்பில் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் முன் இசைவும், அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களில் 70 சதவீதத்தினரின் இசைவும் தேவை என்பது கடமைவழிப்பட்டது. பாசன, நீர்மின் திட்டங்களில் நிலம் மூழ்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே மறு குடியமர்த்தல் நிறைவடைய வேண்டும் என்பதும் அவ்வகையதே. ஆயினும் அரசு தானே நடத்தும் திட்டங்களுக்கு இசைவு விதி இல்லை. எனவே அங்கு அலுவலரின் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

முடிவுரை

திட்டத்தைப் பரிசீலிக்கும் அலுவலர் இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். ஆனால் அவற்றின் வரிசை முக்கியம். இழப்போர் ஒவ்வொருவருக்கும் எதைச் செய்யாமல் இத்திட்டத்தைத் தொடங்கலாகாது என்பது முதல் வினா. அந்த எல்லைக்குள் நிற்கும் மாற்று வழிகளுள் மிகுந்த நன்மை தருவது எது என்பது இரண்டாவது வினா. இரண்டாவதற்கு ஆதாய-செலவு விகிதம் நல்ல துணை. முதலாவதற்கு அவ்விகிதம் விடையளிக்காது. விகிதம் 1.5-ஐத் தாண்டியது என்பதனால், நிலம் பெறாத ஒரு குடும்பத்திற்குச் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்துவிடுவதில்லை.