படகு எஞ்சின் நின்றால் எங்கே பார்ப்பது?

சென்னை மந்தைவெளிக்குக் கிழக்கே, அடையாறு கடலில் கலக்கும் சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம் கரைகளில் கண்ணாடியிழைப் படகுகளைக் காணலாம். இத்தகைய படகுகள் பலவற்றில் ஒற்றை உருளை டீசல் எஞ்சின் பூட்டி, நீளத் தண்டின் முனையில் விசிறி பொருத்தியிருப்பார்கள். உங்கள் கிணற்றடி டீசல் எஞ்சினும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது, வீடுகளில் சிக்கியவர்களை மீட்க மீனவர்களின் படகுகளும் சென்றன. வயலில் எஞ்சின் நின்றால் பாய்ச்சல் தடைப்படும். நீரில் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கோளாறைத் தேடும் முறையை அறிந்து வைத்திருப்பது நல்லது.

டீசல் எஞ்சினுக்குத் தேவையானவை மூன்றே: சுத்தமான காற்று, சுத்தமான டீசல், உருளையில் போதிய அழுத்தம். எஞ்சின் கிளம்பாவிட்டால் உடனே நாசிலைக் கழற்ற வேண்டாம். எளியதிலிருந்து தொடங்குங்கள்.

1. தொட்டி: டீசல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிலுள்ள சிறு துளை அடைபட்டால் எஞ்சின் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் கோளாறு அதுவே.

2. வடிகட்டி: தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். அடித்திருகைத் திறந்து அதை வடித்துவிடுங்கள். வடிகட்டி அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள்.

3. காற்றடைப்பு: தொட்டி வறண்டு மீண்டும் டீசல் ஊற்றினால் குழாயில் காற்று தங்கிவிடும். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்துங்கள். நுரையாக வரும் டீசல் குமிழியின்றி வந்ததும் இறுக்குங்கள். டீசல் பம்பிலும் அவ்வாறே செய்யுங்கள். நாசில் பீச்சும் முனைக்கு எதிரே கையை நீட்டக்கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே பாயும்.

4. அழுத்தம்: டீசல் சரியாக வந்தும் கிளம்பவில்லையா? கைப்பிடியைச் சுற்றும்போது எதிர்ப்பே தெரியாவிட்டால் வால்வு அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை.

புகையும் கோளாறைச் சொல்லும். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கும், அல்லது சுமை மிகுந்திருக்கும். விசிறியில் வலையோ ஆகாயத்தாமரையோ சுற்றினாலும் சுமை கூடும். எஞ்சினை முழுதும் நிறுத்திய பின்னரே அதை அகற்ற வேண்டும். நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது. கிளப்பிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது அதில் நீர் கலந்திருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினை ஒருபோதும் உடனே கிளப்பக்கூடாது. உருளையில் நீர் நின்றால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். மசகு எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். நாசிலைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். எண்ணெயையும் வடிகட்டிகளையும் மாற்றிய பின்னரே ஓட்டிப் பாருங்கள்.

படகை நீரில் இறக்குமுன் டீசல், மசகு எண்ணெய், விசிறி ஆகிய மூன்றையும் கரையிலேயே பார்த்துவிடுங்கள். துடுப்பு, கயிறு, மிதவைச் சட்டை இன்றிப் புறப்பட வேண்டாம். கடலிலிருந்து திரும்பியதும் எஞ்சின் ஆறிய பின், உப்புப் படிந்த வெளிப்பாகங்களை நன்னீரால் துடைத்து உலர்த்துங்கள். கரையில் செலவிடும் பத்து நிமிடம், நடுநீரில் தத்தளிக்கும் நிலையைத் தவிர்க்கும்.