எட்டு முடிச்சாச்சு, ஒன்பது எங்கே?

உங்க பிள்ளை நடுநிலைப்பள்ளியில் 8-ஆம் வகுப்பு முடித்திருந்தால், அந்தப் பள்ளியில் 9-ஆம் வகுப்பு கிடையாது. உயர்நிலைப்பள்ளி அல்லது மேல்நிலைப்பள்ளியில் சேர்க்க வேண்டும். “மெதுவா பார்த்துக்கலாம்” என்று தள்ளிப் போடாதீங்க.

மாற்றுச் சான்றிதழ் தரும்போது பழைய பள்ளி, எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிடும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்கும் வரை பிள்ளை எந்தப் பள்ளிக் கணக்கிலும் இல்லை. “பொண்ணு அவ்வளவு தூரம் போகணுமா?”, “பையனைக் கடையில விட்டா என்ன?” என்ற பேச்செல்லாம் கிளம்புவது இந்த இடைவெளியில்தான். எமிஸ் எண்ணைக் கேட்டு போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்க. புதிய பள்ளியில் பெயர் ஏறிவிட்டதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்க. தூரம்தான் கவலை என்றால், அரசுப் பேருந்தில் செல்ல இலவசப் பயண அட்டை பள்ளி மூலமாகவே கிடைக்கும்.

தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் படித்த பிள்ளையா? 8-ஆம் வகுப்போடு அந்தக் கட்டணச் சலுகை முடிகிறது. பல பெற்றோருக்கு இது 9-ஆம் வகுப்பு கட்டண ரசீதைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. அந்தப் பிள்ளை 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. பெண் பிள்ளை என்றால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வான பிள்ளைக்கு 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நடுவில் தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்யவும் மறக்காதீங்க.

வகுப்பறையிலும் கஷ்டம் இருக்கு. எட்டு வரை ஃபெயில் கிடையாது என்பதால், கணக்கிலும் ஆங்கிலத்திலும் இருந்த ஓட்டை 9-ஆம் வகுப்பில்தான் வெளியே தெரியும். முதல் தேர்வில் மார்க் குறைந்தால் திட்டாதீங்க. எந்தப் பாடம் புரியவில்லை என்று கேட்டு, வகுப்பாசிரியரிடம் சொல்லுங்க.

சேர்க்கையில் சிக்கல் என்றாலோ, பிள்ளை மனம் சோர்ந்து பேசினாலோ, 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணை அழையுங்க. பிள்ளையே நேரடியாகவும் பேசலாம்.