பாஜு கூரோங்கிற்குப் புதுப்பொலிவு

காஜாங்கில் பள்ளி முடியும் வேளையில் பாஜு கூரோங் அணிந்த மாணவிகளைக் காணலாம். தளர்வான மேலாடையும் நீண்ட பாவாடையும் கொண்ட இவ்வுடையில் புதுமை படைத்துப் புகழ்பெற்றவர், மலேசிய ஆடை வடிவமைப்பாளர் பெர்னார்ட் சந்திரன்.

1968ஆம் ஆண்டு பிறந்த இவர், பாரிஸ் நகரில் ஆடை வடிவமைப்புக் கலையைப் பயின்றார். நாடு திரும்பியபின் மேனாட்டு உடைகளை மட்டுமே தைத்திருக்கலாம். ஆனால், அங்குக் கற்ற நுணுக்கங்களைப் பாஜு கூரோங்கிலும் கெபாயாவிலும் புகுத்தினார். மரபுடைகள் புதிய வடிவில் மிளிர்ந்தன. கோலாலம்பூரில் வாடிக்கையாளர்கள் பெருகினர். பின்னர், இவருடைய படைப்புகள் லண்டன் ஆடை அலங்கார வாரத்தில் மேடையேறின. அமெரிக்கப் பாடகி லேடி காகாவும் இவர் வடிவமைத்த ஆடையை அணிந்தார்.

வெளிநாட்டில் கற்ற கலை, சொந்த மண்ணின் மரபுக்கும் வளம் சேர்க்கும் என்பதற்கு இவர் சான்றாவார்.