ஊடும் பாவும் – 12: கிழிசலுக்குக் கூலி கொடுப்பது யார்?

நொய்யலில் ஓடிய சாயத்தோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும், அதற்கு முன் அந்த ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டையும் பார்த்தோம். அதைப் படித்தவர் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். புதுத் துணிக்கு இவ்வளவு செலவென்றால், பீரோவில் கிடக்கும் பழையதையே பிரித்து மாற்றித் தைத்து உடுத்தினால் என்ன?

உடுத்தலாம். ஆனால் நடப்பது வேறு. உலகில் ஆண்டுக்கு 9.2 கோடி டன் துணி கழிவாகிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. உடை தயாரிக்கச் செலவாகும் மூலப்பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே திரும்பவும் உடையாகிறது என்று எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-ல் எழுதியது. பழந்துணியைப் பயன்படுத்தும் வழி தெரியாததாலா இப்படி? இல்லை. வழி பல நூற்றாண்டுகளாகத் தெரியும். சிக்கல் கூலியில் இருக்கிறது. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அரைப்பதும் தைப்பதும்

பழந்துணிக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, அதைக் கிழித்து அரைத்துப் பஞ்சாக்கி மறுபடி நூற்பது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பேட்லி என்ற ஊரில் 1813-ல் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளித் துணியை அரைத்துப் புதுக் கம்பளியோடு கலந்து நூலாக்கினார். ‘ஷாடி’ என்று பெயர் பெற்ற அந்தத் தொழில் பின்னாளில் இந்தியாவில் வேர்விட்ட ஊர் ஹரியானாவின் பானிபட்.

மேலை நாடுகளில் கழித்துப்போட்ட கம்பளிக் கோட்டுகளும் ஸ்வெட்டர்களும் குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியாகப் பானிபட்டுக்கு வருகின்றன. அப்படியே எடுத்து உடுத்தவோ விற்கவோ முடியாதபடி வெட்டுப்பட்டுத்தான் வரவேண்டும் என்பது விதி. தரையில் உட்கார்ந்து பித்தானையும் ஜிப்பையும் லேபிளையும் அரிந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதன் பிறகு நிறவாரியாகக் குவிக்கிறார்கள். சிவப்பெல்லாம் ஒரு மலை, நீலமெல்லாம் ஒரு மலை. நிறம் பார்த்துப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் சாயமே வேண்டாம். சிவப்புத் துணியிலிருந்து சிவப்பு நூல்தானே வரும்? நொய்யலின் கதை தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய மிச்சம் என்று விளக்க வேண்டியதில்லை. பூகம்பம், வெள்ளம் என்றால் நிவாரண முகாம்களில் விநியோகிக்கும் கம்பளிகளில் ஏராளமானவை இப்படிப் பிறந்தவை.

ஆனால் அரைப்பதில் ஒரு நட்டம் உண்டு. நாம் உடுத்தும் சாதாரணப் பருத்தியில் ஒரு இழையின் நீளம் 25 முதல் 30 மில்லிமீட்டர்தான். இந்தக் குட்டை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முறுக்கேறி நிற்பதே நூல். பல் வைத்த உருளையில் துணியை விட்டுக் கிழிக்கும்போது இழை அறுந்து மேலும் குட்டையாகிறது. பிடிமானம் போய்விடுகிறது. அதனால் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலக்காமல் நூற்பது கடினம். நூற்றாலும் தடித்த நூலே வரும். சட்டையாக இருந்தது அடுத்த பிறவியில் பெட்ஷீட்டாகலாம், தரை துடைக்கும் மாப்பாகலாம். மறுபடி அதே சட்டையாவது அரிது.

நம் பக்கத்திலேயே இதைப் பார்க்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட், குடோன்களில் நிறம் பிரிக்கப்பட்டு, வெள்ளகோவில் போன்ற ஊர்களின் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களுக்குப் போய் நூலாகிறது. இது நன்றாக நடக்கும் தொழில்தான். ஏனென்றால் அந்த வேஸ்ட் யார் உடம்பிலும் ஏறாதது. கறை இல்லை, பித்தான் இல்லை. ஒரு மூட்டையில் இருப்பது என்ன துணி என்று மில்காரருக்குத் தெரியும். நம் வீட்டுப் பழந்துணி மூட்டையைப் பற்றி அப்படி எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது வழியில் அரவையே இல்லை. துணியைத் துணியாகவே வைத்துக்கொண்டு கத்தரியும் ஊசியும் கொண்டு இன்னொன்றாக்குவது. இன்று அப்சைக்கிளிங் என்று கண்காட்சி நடத்துவது இதற்குத்தான். இழை அறுவதில்லை. நூற்றவர், நெய்தவர், சாயம் போட்டவர் என எல்லோரும் போட்ட உழைப்பு அப்படியே மிஞ்சுகிறது. சூழலுக்கு இதுதான் நல்ல வழி என்பதில் சந்தேகமில்லை. அப்படியானால் பானிபட்டைப் போல ஒரு பெருந்தொழிலாக இது ஏன் வளரவில்லை?

துணி அருமையாக இருந்த காலம்

விடை வங்காளத்தில் கிடைக்கும். கட்டிக் கட்டி மெலிந்த வேட்டிகளையும் புடவைகளையும் மூன்று, நான்கு அடுக்காகப் பரப்பி, ஓட்டுத் தையலால் இணைத்துப் போர்வையாக்கும் காந்தா அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. தைக்கும் நூலைக்கூடக் கடையில் வாங்குவதில்லை. பழம்புடவையின் கரையிலிருந்து வண்ண நூலை உருவிக்கொள்வார்கள். தாமரை, மீன், யானை, தேர் என்று ஒவ்வொரு பெண்ணும் தனக்குத் தோன்றியதைத் தைத்தாள். ஒரு நல்ல காந்தா முடியப் பல மாதங்கள் ஆகும். பீகாரின் சுஜனியும் இதன் உறவுதான். பிறந்த குழந்தையைச் சுற்ற, பலர் உடுத்திய பழந்துணியைச் சேர்த்துத் தைப்பது அங்கே வழக்கம்.

ஜப்பானின் வடக்கே தோஹோகு பகுதியின் குளிரில் பருத்தி விளையாது. தெற்கிலிருந்து கப்பலில் வந்த பழம் பருத்தித் துணியை அங்குள்ள உழவர் வீட்டுப் பெண்கள் சணல் உடைகளின் மேல் ஒட்டுமேல் ஒட்டாகப் போட்டுத் தைத்தார்கள். தலைமுறை கடந்த அந்த ‘போரோ’ உடைகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள்.

இந்த ஊர்களுக்குப் பொதுவானவை இரண்டு. ஒன்று, துணி அருமையான பொருள். சாண் அளவு துண்டுக்கும் மதிப்பு உண்டு. மற்றொன்று, அதைத் தைத்த பெண்ணின் நேரத்துக்கு யாரும் விலை போடவில்லை. சமையல் முடித்து, பிள்ளையைத் தூங்கவைத்து, மிஞ்சிய வெளிச்சத்தில் அவள் போட்ட ஆயிரக்கணக்கான தையல்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பாட்டி காலத்துச் சிக்கனத்தை இன்று புகழ்ந்து பேசும்போது, அந்தச் சிக்கனம் யாருடைய கூலியில்லா வேலையில் நின்றது என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் வீடுகளும் விதிவிலக்கல்ல. நைந்த நூல் புடவை தூளியாகும், பிள்ளைக்கு விரிப்பாகும், பிறகு கரித்துணியாகும். அம்மாவின் பட்டு மகளின் பாவாடையாகும். அந்தப் பாவாடையிலும் இரண்டு மூன்று டக் வைத்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். சட்டைக் காலர் தேய்ந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொடுக்கும் தையற்காரர்கள் இருந்தார்கள். வெட்டாத நீளத் துணி என்பதால் புடவைக்கும் வேட்டிக்கும் மறுபிறவி எளிது. வெட்டித் தைத்த உடையில் அந்தச் சுதந்திரம் இல்லை.

கூலி வந்ததும் என்ன ஆயிற்று?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த இடத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும், பருத்திப் பண்ணையில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் வழித்தோன்றல்கள். வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்கு மெத்தைப் போர்வைகள் தைத்தார்கள். முழங்கால் மடங்கி வெளுத்த இடமும், பிய்த்தெடுத்த பைக்கு அடியில் மங்காமல் நின்ற கருநீலமும் அப்படியே வடிவங்களாயின. 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இவற்றைச் சுவரில் மாட்டினார்கள். 2006-ல் அஞ்சல்தலைகளே வந்தன.

அதற்கெல்லாம் வெகுமுன்பே, 1966-ல், குடிமை உரிமைப் போராட்டத்தின் சூட்டில் அந்தப் பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்றொரு கூட்டுறவைத் தொடங்கியிருந்தார்கள். தையலுக்குக் கூலி வந்தது. பலருக்கு அது கையில் வந்த முதல் சொந்தப் பணம். ஆனால் பெருநகரக் கடைகள் கேட்டது ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே நிறம். ஒன்றைப்போல் ஒன்றில்லாத பழந்துணிக்கு அந்த ஆர்டர்களில் இடமில்லை. புதுத் துணி வாங்கித்தான் தைக்க வேண்டியிருந்தது.

காந்தாவுக்கும் அதே கதிதான். இன்று சாந்திநிகேதன் பக்கம் போய்க் காந்தா புடவை கேட்டால், எடுத்துக் காட்டுபவை பெரும்பாலும் புதுப் பட்டிலும் டசரிலும் போட்ட தையல்கள். வேலைக்குக் கூலி கொடுத்தாக வேண்டுமென்றால், பல நாள் உழைப்பை நைந்த துணியில் போட வியாபாரி துணிவதில்லை. தையல் பிழைத்துக்கொண்டது. பழந்துணி வெளியேறிவிட்டது.

ஒரு தையல் கூடத்துக்குள் போனால் காரணம் விளங்கும். புதுத் துணியென்றால் பல அடுக்கு போட்டு ஒரே வெட்டில் நூறு முன்பக்கம் எடுக்கலாம். பழைய சட்டையில் ஒவ்வொன்றையும் தனியே துவைத்து, தையல் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து நைந்த இடம் பார்த்து, கறையைத் தவிர்த்து வெட்ட வேண்டும். மூலப்பொருள் இலவசம், முடிந்த பொருள் புதுச் சட்டையைவிட விலை அதிகம். இதைக் கண்டு ‘பழசுக்கா இந்த விலை?’ என்று கேட்பவர், துணிக்குத்தான் விலை என்று நினைக்கிறார். அவர் கொடுப்பது கைக்கு.

எனவேதான் மறுபயன்பாட்டைப் பெரிய அளவில் செய்பவர்கள் ஆளுக்கொரு குறுக்கு வழி கண்டிருக்கிறார்கள். 2012-ல் டெல்லியில் தொடங்கிய டூட்லேஜ் நிறுவனம், ஆலைகள் கழித்த மீதத் துணியை எடுத்து உடையாக்குகிறது. அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு நகரத்துப் பழந்துணியைத் திரட்டிப் பிரிக்கிறது. உடுத்தத் தக்கவை, கிராமத்தில் குளம் தூர்வாரியவர்களுக்கும் பாதை போட்டவர்களுக்கும் அந்த உழைப்புக்கு ஈடாகப் போகின்றன. உடுத்த முடியாத பருத்தி, மாதவிடாய்க் காலத் துணியாகிறது. ஜீன்ஸ், பள்ளிப் பையாகிறது. 2015-ல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. ஒவ்வொரு துணிக்கும் எந்த வேலை பொருந்தும் என்று பார்த்துத் தள்ளுவதே அங்கே பெரிய கலை.

வாங்கும்போதே தொடங்குவது

பழந்துணியை மாற்றித் தைப்பது அது பழசான பிறகு தொடங்குவதில்லை. தைத்த அன்றே பாதி முடிவாகிவிடுகிறது. தெருவோரத் தையற்காரர் ரவிக்கைக்கும் சட்டைக்கும் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டுத் தைப்பார். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். ஆயத்த உடையில் ஓவர்லாக் போட்ட ஓரத்துக்கு வெளியே அரை அங்குலம்கூட இருக்காது. பிரித்தாலும் கிடைப்பது ஒன்றுமில்லை. பருத்தியும் பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்த துணி அரவைக்கும் தொல்லை, வெட்டித் தைக்கவும் தொல்லை. கத்தரி பட்டதும் ஓரம் சுருளும், அல்லது இழுபடும்.

ஆகவே, வாங்கும்போது ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். தைக்கக் கொடுக்கும்போது உள்ளே துணி விடச் சொல்லுங்கள். பீரோவைத் திறந்தால், எது எங்கே தேயும் என்று கவனியுங்கள். சட்டையில் முதலில் போவது காலரும் அக்குளும். முதுகுப் பக்கம் கடைசிவரை திடமாக இருக்கும். குழந்தைச் சட்டைக்கு அது போதும். பட்டுப் புடவை மடிப்பு விழுந்த இடத்தில் வெடிக்கும். ஜரிகைக் கரையும் முந்தியும் பெரும்பாலும் தப்பிவிடும். பேண்ட்டில் முழங்காலும் தொடை உட்புறமும் போனாலும் கீழ்க்கால் துணி பைக்கு உதவும். ஆனால் பழைய ஜீன்ஸில் பை தைத்துக்கொண்டு, கடைக்குப் போய் இன்னொரு பையும் வாங்கினால் பூமிக்கு மிச்சமானது எதுவுமில்லை. வாங்கவிருந்த ஒன்றை வாங்காமல் விட்டால்தான் அந்தத் தையலுக்குப் பலன்.

அரசுகளும் மெல்ல இந்தக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கின்றன. பிரான்ஸில் 2023 நவம்பர் முதல், கிழிந்த உடையையும் தேய்ந்த காலணியையும் பதிவுபெற்ற கடையில் சரிசெய்தால் கூலியில் ஒரு பகுதி கழிக்கப்படுகிறது. உடை விற்கும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்து அந்தப் பணம் வருகிறது. புதுசு விற்பவர் பழசைத் தைப்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

நம் ஊரில் அந்தப் பணியைச் செய்யக் கடை தேட வேண்டியதில்லை. துணிக்கடை வாசலிலும் பஜார் முனையிலும் ஒற்றை மெஷினோடு உட்கார்ந்திருக்கும் அல்டரேஷன் கடைக்காரர்தான் நம் நாட்டின் அப்சைக்கிளிங் நிபுணர். அவருக்கு விருதோ கண்காட்சியோ வேண்டாம். பேண்ட் அடி மடிக்கக் கேட்கும் தொகையில் பத்து ரூபாய் பேரம் பேசாமல் இருந்தால் போதும். அவர் கடையை மூடிவிட்டால், பழைய துணியைப் புதிதாக்க நமக்குத் தெரிந்த யோசனைகள் அத்தனையும் யோசனைகளாகவே நின்றுவிடும்.

அடுத்த வாரம்: ஊசியும் வேண்டாம், அரவையும் வேண்டாம், பருத்தித் துணியை ரசாயனத்தில் கூழாக்கிப் புது இழை எடுப்போம் என்று ஸ்வீடனில் எழும்பியது ரினியூசெல் ஆலை. 2022-ல் ஓடத் தொடங்கி 2024 பிப்ரவரியில் திவாலானது. ஏன்?

(தொடரும்)